பணமும் பாத்தியதையும் – 9: ஒரு நாமினி போதாது

விருதுநகர்க்காரர்களுக்கு டிரஸ்ட் புதிய சங்கதி அல்ல. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, உறவின்முறைப் பொதுப்பணமாகச் சேர்த்து, 1889-லேயே சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிய ஊர் இது. காமராஜர் படித்த பள்ளி. பணம் ஒருவர் பொறுப்பில் இருக்கும், ஆனால் அவருடையதல்ல என்பதை இந்த ஊர் சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சொன்னார்கள் என்று, சொந்த வங்கிக் கணக்குகளை, உயிரோடிருக்கும்போதே எழுதும் ‘லிவிங் டிரஸ்ட்’டுக்கு மாற்றலாமா என இப்போது சிவகாசிப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அங்கே அதை எழுதுவதற்கு முக்கியக் காரணம், உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் புரொபேட் செலவையும் தாமதத்தையும் தவிர்ப்பது. விருதுநகரில் இருக்கும் சொத்துக்கு ஓர் இந்து இங்கேயே எழுதும் உயிலுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது.

1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி குடும்ப டிரஸ்ட் தாராளமாக எழுதலாம். ஆனால் இருக்கிற கணக்கின் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் வங்கியில் நடக்காது. டிரஸ்ட் பத்திரம் எழுதி, அதன் பெயரில் பான் எண் வாங்கி, புதுக் கணக்கு தொடங்கிப் பணத்தை மாற்ற வேண்டும். நினைத்தபோது ரத்து செய்யும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டால், வட்டிக்கான வருமான வரியும் உங்கள் தலையில்தான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டும் இதை அவசியம் யோசிக்க வேண்டும். தங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் போய்ச் சேர டிரஸ்ட் நல்ல வழி. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்டக் குழு மூலம் சட்டப்பூர்வ காப்பாளரையும் நியமித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு உயிலும் நாமினியும் போதும் என்பது என் கருத்து.

ஆனால் எனக்குக் கவலை ஆலை முதலாளியின் கணக்கைப் பற்றியல்ல, பட்டாசுக்கு மருந்து அடைக்கும் தொழிலாளியின் கணக்கைப் பற்றி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகும் இந்த வட்டாரத்தில் சாவு நிற்கவில்லை. இங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆலைக்கு வேலைக்குப் போவது சாதாரணம். அவர் கணக்குக்கு இவர் நாமினி, இவர் கணக்குக்கு அவர். ஒரே நாளில் இருவரும் போய்விட்டால்? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் வயதான பாட்டியும் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும்.

இதற்கு இப்போது வழி இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். பங்கு பிரித்தும் எழுதலாம், வரிசையாகவும் எழுதலாம். நம் பகுதிக்கு ஏற்றது வரிசைதான்: முதலில் மனைவி, அவர் இல்லையென்றால் மகள், அடுத்து ஆலை வேலைக்குப் போகாத ஓர் உறவு. மகள் மைனர் என்றால், அவளுக்காகப் பணத்தை வாங்கும் பெரியவர் பெயரையும் படிவத்திலேயே எழுத வேண்டும். கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி தேவையில்லை. கைநாட்டு என்றால் இரண்டு சாட்சி வேண்டும்.

நாமினி பணத்தை வாங்கத்தான் உரிமையுள்ளவர், அது அவருக்கே சொந்தமாகிவிடாது. இதை உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நம்பிக்கையான ஆளாகப் பார்த்து எழுதுங்கள்.

அதே கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும்.

இந்த வாரச் சம்பளம் வாங்கியதும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். நாமினி பதிவான விவரம் அதில் இல்லையென்றால், அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை, வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.