காரம் எங்கே கிடைக்கும்?

காரம் என்றவுடன் மிளகாயை நினைத்துவிடாதீர்கள், தோழியரே! நாம் சொல்லப்போவது சோப்புக்கு வேண்டிய காரம். எண்ணெயும் காரநீரும் கலந்து வினைபுரிந்தால்தான் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். எண்ணெய் கடையில் இருக்கிறது. காரத்துக்கு எங்கே போவது?

நம் முன்னோர் மண்ணையும் அடுப்பையும் நாடினார்கள். சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தனர். விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்தால் பொட்டாசியம் கார்பனேட் கரைந்து வரும். அது பாத்திரப் பிசுக்கைப் போக்குமே தவிர, எண்ணெயைச் சோப்பாக்க வலிமை போதாது. சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஆகும். அதிலும் கூழ் போன்ற சோப்புத்தான் வரும். கட்டிச் சோப்புக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, வேண்டும்.

அது நம் திருப்பூருக்குப் புதிதல்ல. மேட்டூரில் உப்புநீரில் மின்சாரம் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். நம் ஊர்ச் சலவைப் பட்டறைகளில் பனியன் துணியை அதனுடன் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். பஞ்சில் இயற்கையாக உள்ள கொழுப்பு அப்போது சோப்பாக மாறிக் கழன்றுவிடுகிறது. வீட்டில் சோப்பு செய்யும்போது நடக்கும் அதே வினைதான்!

அப்படியானால் பட்டறையிலிருந்து ஒரு புட்டி கரைசல் வாங்கி வந்தால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. அதன் செறிவு நமக்குத் தெரியாது. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறக்குறைய 180 கிராம் தூய காஸ்டிக் சோடா வேண்டும். ஆமணக்கெண்ணெய்க்கு 130 கிராமே போதும். மிஞ்சிய காரம் தோலை அரிக்கும் என்பதால் 5 சதவீதம் குறைத்தே இடுவார்கள். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. குளிர்பானப் புட்டியில் வைத்த காரநீர் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். ஒரு வாய் விழுங்கிய குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடாச் சில்லுகளை எடைபோட்டு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சில்லுகளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அவசியம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், எவர்சில்வரே நல்லது. கையில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அச்சிலிருந்து எடுத்த சோப்பை நான்கு வாரம் காற்றாட வைத்த பிறகே குளிக்க எடுக்கலாம்.