"வாலண்டியர்" என்றால் தொண்டர்தானா?

பையனுக்கு ஆங்கில பாஷையில் வார்த்தை வளம் ஏற்படச் செய்வது எப்படி என்று நம்மை விசாரிக்காத பெற்றோர் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கையாளும் உபாயம் ஒன்றே. நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் இங்கிலீஷ் வார்த்தையும் வலப்புறம் தமிழ் அர்த்தமும் எழுதி, தினம் பத்தாக உருப்போடச் செய்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் நோட்டும் வார்த்தைகளும் சேர்ந்தே பரணுக்குப் போய்விடுகின்றன. வார்த்தை தனியாக வசிக்கும் பிராணி அன்று. அதற்கு உற்றார் உறவினர் உண்டு, பகையாளியும் உண்டு. அவர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியவரும்.

ஆகையால், ஒரே விஷயத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சில வாரங்கள் தொடர்ந்து வாசிக்கச் செய்வது நமது வகுப்பில் வழக்கம். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ராணுவ சேவைச் செய்திகள் இதற்கு மிகவும் வாய்ப்பாக அமைந்தன. நவம்பர் 27-ஆம் தேதி பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன், இளைஞர்கள் தங்கள் விருப்பப்படி சேரக்கூடிய பத்து மாத ராணுவ சேவைத் திட்டத்தை வெளியிட்டார். 2026-இல் 3,000 பேர், 2035-இல் 50,000 பேர் என்பது அவருடைய கணக்கு. டிசம்பர் 5-ஆம் தேதி ஜெர்மன் பார்லிமெண்டும் ஒரு புதிய ராணுவ சேவைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 2022-இல் ருஷ்யா உக்ரெயின்மீது படையெடுத்தது முதல் ஐரோப்பிய சர்க்கார்களுக்கு நிம்மதியான உறக்கம் இல்லை என்பதே இவற்றின் பின்னணி.

ஜெர்மன் செய்தியில் நாம் முதலில் நிறுத்திக் காட்டியது 'சஸ்பெண்ட்' என்னும் வார்த்தை. ஒரு தாசில்தாரை சஸ்பெண்ட் செய்தார்கள் என்றால் தமிழ்நாட்டில் யாரும் அகராதியைத் தேடிப் போகவேண்டியதில்லை. சஸ்பெண்ட் ஆனவர் உத்தியோகத்தை இழந்துவிடவில்லை. உத்தரவு மாறினால் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார். ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை 2011-இல் சஸ்பெண்ட்தான் செய்யப்பட்டது, 'அபாலிஷ்' செய்யப்படவில்லை. பிரான்ஸில் 1997-ஆம் வருஷத்துச் சட்டம் செய்ததும் அதே காரியந்தான். ஆண்களை ராணுவ சேவைக்கு அழைக்க இடந்தரும் ஷரத்து ஜெர்மன் அரசியல் சட்டத்தில் நாற்காலி போலக் காத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு வினைச்சொற்களுக்கும் 'நீக்கினார்கள்' என்று ஒரே அர்த்தம் எழுதிக்கொண்ட மாணாக்கனுக்கு 2025-ஆம் வருஷத்துச் செய்தி ஏதோ ஆகாயத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றும்.

புதிய சட்டப்படி சேவை 'வாலண்டரி'. அடுத்த வாக்கியத்திலேயே 'மாண்டேடரி' என்ற வார்த்தை வந்து நிற்கிறது! 2008-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்த ஆண்கள், பதினெட்டு வயதானதும் சர்க்கார் அனுப்பும் வினாப் பத்திரத்துக்கு விடை எழுதியே தீரவேண்டும். பெண்கள் விரும்பினால் எழுதலாம். 2027-ஆம் ஆண்டு மத்தியிலிருந்து அந்த ஆண்களுக்கு வைத்தியப் பரிசோதனையும் கட்டாயம். ஆள் போதாமற் போனால் பார்லிமெண்டு வேறொரு சட்டத்தின் மூலம் நிர்ப்பந்த சேவையைக் கொண்டுவரலாம். ஆகவே, பெயரைப் பதிவு செய்வதைக் குறிக்கும் 'ரெஜிஸ்டர்' வேறு, படையிற் சேர்வதைக் குறிக்கும் 'என்லிஸ்ட்' வேறு என்பதை இங்கே கற்பிக்காவிட்டால் பின்பு கற்பிக்க முடியாது. 'டிராப்ட்' என்னும் வார்த்தையையும் இதனோடு சேர்த்துக்கொண்டோம். அமெரிக்காவில் டிராப்ட் 1973-இல் நின்றது என்று வாசித்ததும், அமெரிக்க பாங்கிகளின்மீது இரக்கம் கொண்ட மாணாக்கர் இருவர். அது கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கும் முறை என்று எடுத்துச் சொல்லவேண்டி வந்தது.

'வாலண்டியர்' என்ற வார்த்தைக்கு வகுப்பு முழுவதும் ஒருமுகமாகத் 'தொண்டர்' என்று எழுதிற்று. அதில் ஆச்சரியமில்லை. தேசிய இயக்கம் அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குத் தொண்டர் என்னும் அழகிய தமிழ் வேஷ்டியைக் கட்டி வீதியில் நடத்திவிட்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜியுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் தொண்டர்கள்; கூலி பெறவில்லை; சிறை பெற்றார்கள். ஆனால் ஜெர்மன் வாலண்டியருக்கு வரி பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 2,600 யூரோ சம்பளம். பிரெஞ்சுக்காரருக்குக் குறைந்தது 800 யூரோ. "இவ்வளவு வாங்குகிறவரைத் தொண்டர் என்று எப்படி, ஸார், எழுதுவது?" என்று ஒரு மாணாக்கன் கேட்டான். நியாயமான கேள்வி! 'வாலண்டரி' என்பதன் லத்தீன் வேர் இச்சையைக் குறிப்பது. கூலியைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. 'சோல்ஜர்' என்னும் வார்த்தையோ ரோமாபுரியின் சாலிடஸ் என்ற பொற்காசின் வழி வந்தது. காசு வாங்காத சோல்ஜர் ஆதியிலிருந்தே கிடையாது.

சட்டம் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதே இச்செய்திகளில் 'வாலண்டரி' தெரிவிக்கும் விஷயம். வேறு யார் தள்ளினார்கள் என்பதை அது சொல்லாது. இதை நம் தேச சரித்திரம் நன்கு அறியும். இரண்டாவது உலக யுத்தத்தில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. அத்தனை பேரும் சுயவிருப்பத்தில் சேர்ந்தவர்கள் என்று சரித்திர நூல்கள் எழுதும். அவர்களுள் எத்தனையோ பேரைத் தள்ளியது வயிறு. முதல் யுத்தத்தின் கடைசி வருஷமான 1918-இல், பஞ்சாபில் இந்தியரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை. ஆனால் இன்ன இடத்திலிருந்து இத்தனை ஆள் என்று அதிகாரிகள் கணக்குக் கட்டி ஆள் பிடித்தார்கள். காங்கிரஸ் அமைத்த விசாரணைக் கமிட்டி 1920-இல் வெளியிட்ட அறிக்கையில் அக்கொடுமைகள் பதிவாகியிருக்கின்றன. அதே 1918-இல் காந்தியடிகளும் கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து சேனைக்கு ஆள் கேட்டார். அவரைத் தெய்வமாகக் கொண்டாடிய ஜனங்களே பெரும்பாலும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே 'வாலண்டரி' என்பதற்கு நோட்டில் அர்த்தம் எழுத அனுமதித்தோம்.

இவையெல்லாம் சீமைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நமது பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு நேரே சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் ஒன்று இருக்கிறது. 2022 ஜூனில் இந்திய சர்க்கார் வெளியிட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேனையிற் சேரும் அக்னிவீரருக்குச் சேவை நான்கு வருஷம். அதன்பின், அவர்களில் 'அப் டு' 25 சதவீதம் பேரைத் தொடர்ந்து 'ரிடெயின்' செய்வதாக அறிவிப்பு கூறிற்று. 'ரிடெயின்' பெரிய வார்த்தை; அகராதி பார்த்து வைத்துக்கொள்வார்கள். 'அப் டு' என்னும் இரு சிறு வார்த்தைகளை யார் பார்க்கிறார்கள்? இருபத்தைந்துக்கு மேற்படாமல் என்பது அதன் பொருள். இருபத்தைந்து உறுதி என்பதன்று. நம்மிடம் படித்த ஒருவன் ஆள் எடுக்கும் 'ராலி'க்குப் புறப்படுமுன் விடைபெற வந்தான். ஓட்டப் பயிற்சி பூரணமாயிருந்தது. நூறில் இருபத்தைந்து பேருக்கு இடம் நிச்சயம் என்றே எண்ணியிருந்தான். அறிவிப்பை அவன் கையாலேயே எடுத்து உரக்க வாசிக்கச் சொன்னோம். இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்த இடத்தில் குரல் தயங்கிற்று. சற்று யோசித்து, "இருந்தாலும் போகிறேன், ஸார்" என்றான். போனான். அந்த முடிவைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. வாசித்துத் தெரிந்துகொண்டே போனான்.

கடைசியாக வகுப்பில் எடுத்துக்கொண்டது 'கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டர்' என்னும் தொடர். மனச்சாட்சிக்கு விரோதமாக எவரையும் ஆயுதம் தாங்கிய யுத்த சேவைக்கு நிர்ப்பந்திக்கக்கூடாது என்று 1949-ஆம் வருஷத்து ஜெர்மன் அரசியல் சட்டம் விதிக்கிறது. அவ்வாறு மறுக்கிறவருக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர் இது. 'ஆப்ஜெக்ட்' என்றால் பொருள், சாமான் என்று மட்டும் அறிந்திருந்த பிள்ளைகளுக்கு இது விசித்திரமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் நல்ல தமிழ்ப் பெயர் கொண்டு வரும்படி சொன்னோம். 'படை மறுப்பாளர்' என்று ஒருவன் கொண்டுவந்தான். "மனச்சாட்சி எங்கே போயிற்று? சோம்பேறியும் படையை மறுப்பான்" என்று எழுந்தாள் ஒரு பெண்; அவள் கொண்டுவந்த பெயர் 'சத்தியாக்கிரகி'. அதற்குச் சிறை செல்லச் சித்தமாயிருக்க வேண்டும், இவருக்கோ சட்டமே இடந்தருகிறது என்று பின்வரிசையிலிருந்து ஆட்சேபம் பிறந்தது. மணி அடித்துவிட்டது. இரண்டு பெயர்களும் கரும்பலகையில் இருக்கின்றன.