கோத்தகிரிச் சோலையும் குடிநீர் ஊற்றும்

கோத்தகிரி ஊரை ஒட்டியே இருக்கிறது லாங்வுட் சோலை. பரப்பு 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். காப்புக்காடான இந்தச் சோலை 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் பறவைகளைப் பார்க்க வருகிறார்கள். சோலைக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு அது குடிதண்ணீர்.

நீலகிரியின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதன் மேல் சிதைந்த பாறையும் மண்ணும் கனமாகப் படிந்திருக்கின்றன. சோலைக்குள் மழை நேராகத் தரையில் அறைவதில்லை. இலையில் தங்கி, பாசியில் ஊறி, சருகுக்குள் இறங்கி, மண்ணுக்குள் மெல்லப் போகிறது. கெட்டிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் சரிவின் போக்கிலேயே நகர்கிறது. பள்ளத்தில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஊற்றாக வெளிவருகிறது. ஊற்றுக்கண் வெறும் வாசல்தான். தண்ணீர் சேர்ந்திருப்பது மேலே உள்ள சரிவு முழுவதிலும். அந்தச் சரிவை ஜேசிபி வைத்து வெட்டிச் சமன்படுத்திவிட்டு, கீழே ஊற்றைச் சுற்றி எவ்வளவு நல்ல தொட்டி கட்டினாலும் பயனில்லை.

கோத்தகிரி, நீலகிரி மலையின் கிழக்குப் பக்கம் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய வரவு. அப்போது மண்ணில் இறங்கியதை வைத்துத்தான் மாசி, பங்குனியைத் தள்ள வேண்டும்.

மரம் நட்டால் ஊற்று பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. எந்த மரம், எந்த இடத்தில் என்று பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றின் ஒரு பகுதியில் தைல மரம் நட்டு, நடாத இன்னொன்றோடு ஒப்பிட்டு நீண்டகால ஆய்வு நடந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. சோலையும் புல்வெளியும் சதுப்பும் சேர்ந்ததுதான் இந்த மலையின் இயல்பு. புல்வெளியைத் தரிசு என்று நினைத்து அங்கே மரம் நட்டது பெரிய பிழை என்றே நான் சொல்வேன்.

ஊரில் உள்ளவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை, ஊற்றை அளப்பது. ஒரு பத்து லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 390 பேருக்குப் போதும். அதே வாளி பங்குனியில் நிரம்ப இரண்டு நிமிடம் எடுத்தால் 130 பேருக்குத்தான் வரும். குழாய் இணைப்பைப் பங்குனிக் கணக்கை வைத்துத்தான் கொடுக்க வேண்டும்; மழைக்காலத்து அளவைப் பார்த்துக் கொடுத்தால் கோடையில் சண்டைதான். மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவந்தால், ஊற்று குறைகிறதா, இது வழக்கமான கோடை வாட்டம்தானா என்பது சில வருடங்களில் விளங்கிவிடும்.

இரவெல்லாம் வரும் தண்ணீரைப் பிடிக்க ஒரு சேமிப்புத் தொட்டி தேவை. ஆனால் நிரம்பி வழிவதை ஓடைக்கே விட்டுவிட வேண்டும். கீழே சதுப்பு இருக்கிறது, காட்டெருமை வந்து குடிக்கிறது, அடுத்த ஊரும் இருக்கிறது. ஊற்றுக்கண்ணை ஆழமாகத் தோண்டுவதும் ஆபத்து: தண்ணீர் வேறு வழியில் போய்விடலாம்.

தெளிவாக இருப்பதாலேயே ஊற்றுநீர் சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. மேலே கேரட், உருளைத் தோட்டம் இருந்தால் உரமும் மருந்தும் மண்ணோடு இறங்கும். வீடுகள் இருந்தால் கழிப்பறைக் குழி. மழை தொடங்கியதும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. குடிப்பதைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

காட்டுக்குள் குழாய் போட அனுமதி வாங்க வேண்டும். வனவாழ் மக்களின் ஊர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் தனி வழி உண்டு. அரசு செய்துதரும் குடிநீர்க் குழாய்க்காக ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு பெறலாம் என்கிறது பிரிவு 3(2). கிராம சபைத் தீர்மானம் எழுதும்போது வாளிக் கணக்கு நோட்டின் நகலையும் இணைத்துக் கொடுங்கள்.