பழைய கேமுக்குப் பழைய ரி.வி: எந்த கிராபிக்ஸ் கார்ட் சரிவரும்?

மாரியோவைப் புதிய எல்.ஈ.டி. திரையில் ஓடவிட்டுப் பார்த்தவர்கள் அனைவரும் சொல்வது ஒன்றுதான்: 'ஏதோ குறைகிறது.' அந்தக் குறையைத் தீர்க்கப் பலர் மூலையில் கிடந்த குண்டுத் தொலைக்காட்சியைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். அடுத்து, பின்புறம் வட்டமான எஸ்-வீடியோ துளை உள்ள பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

நின்டென்டோ, சேகா போன்ற அந்தக்கால இயந்திரங்கள் திரையில் ஏறத்தாழ 240 கோடுகளை, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரைந்தன. நாம் விரும்பும் அந்தத் தெளிவும் கோடுகளுக்கிடையிலான மெல்லிய கருமையும் அப்படி வந்தவை. எஸ்-வீடியோ துளைக்குப் பின்னால் இருக்கும் சிப் கணினியின் படத்தைச் சுருக்கி, ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாறிமாறி அனுப்புகிறது. படம் வரும், ஆனால் மங்கலாக, நடுங்கிக்கொண்டு வரும். திரைப்படம் பார்க்கப் போதும், கேமுக்குப் போதாது.

தேட வேண்டியது வி.ஜி.ஏ. அல்லது டி.வி.ஐ.-ஐ துளையுள்ள ஏ.எம்.டி. ரேடியான் கார்ட். எச்.டி. 4000 முதல் 6000 வரையான வரிசைகள் நல்ல தெரிவு. சி.ஆர்.ரி. எமுட்ரைவர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், சாதாரண மொனிட்டருக்கான 31 கிலோஹேர்ட்ஸுக்குப் பதிலாக, ரி.வி.க்கு உரிய 15 கிலோஹேர்ட்ஸில் அசல் 240 கோடுகளையே இவை அனுப்பும். டி.வி.ஐ.-டி துளையில் அனலொக் சமிக்ஞை கிடையாது. வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ். 10 வரிசையிலிருந்து அனலொக் வெளியீடே இல்லை.

கார்டுக்கு முன் ரி.வி.யின் முதுகைப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஐரோப்பியச் சந்தைக்கு வந்த பெட்டிகளில் ஸ்கார்ட் துளை இருக்கலாம், அது ஆர்.ஜி.பி.யை ஏற்குமானால் அதற்கேற்ற கேபிள் போதும். சிவப்பு, பச்சை, நீலக் கொம்போனன்ட் துளைகள் மட்டும் இருந்தால் இடையில் ஒரு மாற்றி தேவை. மஞ்சள் துளை மட்டுமே உள்ள பெட்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஒன்றின் கொம்போசிட் வெளியீடே அதற்குத் தாராளம்.

கணினி தொடங்கும்போது வருவது 31 கிலோஹேர்ட்ஸ்தான். எனவே விண்டோஸ் முழுவதும் ஏறிய பிறகே ரி.வி.யைப் போடுங்கள். படம் கிழிந்து தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பழுதானால் இதற்குப் பதில் இன்னொன்றைப் புதிதாக வாங்க முடியாது.