கண்மாய் விரால்

சித்திரை பிறந்து வெயில் ஏறிவிட்டால், சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பேச்சாக இருக்கும்: "எந்தக் கண்மாய் என்றைக்கு அழிகிறது?" வெளியூர் அன்பர்கள் இதைக் கேட்டால் திடுக்கிடுவார்கள். கரை உடைந்து ஊர் வெள்ளத்தில் போகப்போகிறதோ என்று தோன்றும். அப்படி ஒன்றுமில்லை. அறுவடை முடிந்து, கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றிய பின், ஊரார் ஒருமிக்க இறங்கி மீன் பிடித்துக்கொள்வதற்கே நம் சீமையில் கண்மாய் அழிப்பது என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் இதை மீன்பிடித் திருவிழா என்று எழுதுகிறார்கள். அதுவும் பொருத்தமான பெயர்தான்.

குறித்த நாளில் விடியுமுன்பே கரை முழுவதும் ஜனங்கள் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கரைமேலுள்ள தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துணியை வீசுவார்கள். அதுவரையில் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கலாகாது. துணி அசைந்ததுதான் தாமதம், ஆயிரம் கால்கள் சேற்றைக் கலக்கும். சிலர் கையில் வலை, சிலர் கையில் கூடை, பெண்கள் சிலரிடம் பழைய கொசுவலை. எல்லாவற்றிலும் அழகானது ஊத்தா. கீழ்வாய் அகன்று மேல்வாய் குறுகி, குச்சிகளால் கூம்பு போல் முடைந்த கூடு அது. கலங்கிய நீரில் அதை அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே அகப்பட்ட மீன் பக்கத்தில் முட்டினால், பிடித்திருக்கும் கைக்கு அந்த அதிர்வு தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதே. கெண்டை மெதுவாக முட்டும், விரால் இடிக்கும். அந்த இடி கையில் பட்டவன் முகத்தைப் பார்த்தால் லாட்டரிச் சீட்டு விழுந்தவன் முகம் போல் இருக்கும். அன்று பிடித்ததைப் பலர் விற்பதில்லை. வீட்டுக் குழம்புக்கும், மிஞ்சினால் உறவினர் வீட்டுக்கும் போகும்.

அந்த விரால் வரவரக் குறைந்து வருகிறது என்பதே நாம் இங்கே சொல்ல வந்த விஷயம். ஏன் குறைகிறது என்பதை அறிய, அதனுடைய ஒரு வருஷத்தைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் அதன் குலப்பெருமையைச் சிறிது கூறிவிடுவோம். சங்க நூல்கள் இதை வரால் என்று வழங்குகின்றன. அகநானூற்றின் 36-ஆம் பாட்டு, தூண்டில் இரையை விழுங்கிவிட்டு ஓடும் ஓர் ஆண் வராலோடுதான் தொடங்குகிறது. ஐரோப்பியச் சாஸ்திர உலகத்துக்கு 1793-இல் இதை அறிமுகம் செய்தவர் பெர்லின் நகரத்து ப்ளாக் என்ற பண்டிதர். பின்னர் 1801-இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் இதற்கு இட்ட சாஸ்திரப் பெயரில் 'வ்ரால்' என்ற சொல் நிற்கிறது. அது நம்முடைய 'விரால்' அன்றி வேறல்ல. குரவை மீனுக்கும் அவர் அப்படியே 'கருவை' என்று பெயர் வைத்தார். பாரிஸ் நகரத்துப் புத்தகத்தில் கண்மாய்க்கரைத் தமிழ் ஏறிய கதை இது. பெயர் வைப்பதில் முந்தியவருக்கே உரிமை என்ற விதிப்படி ப்ளாக் இட்ட பெயரே நிலைத்தது. ஆனாலும் நமக்கு லாசெபேத்மேல் தனிப் பிரியம் உண்டு.

அதே லாசெபேத், மறு வருஷமான 1802-இல் அமெரிக்க மீன் ஒன்றுக்கும் பெயர் சூட்டினார். அந்நாட்டார் 'பாஸ்' என்று கொண்டாடும் மீன் அது. பாஸில் பெரியவாய், சிறியவாய் என்று இரண்டு பிரசித்தமான இனங்கள் உண்டு; இவர் 1802-இல் பெயரிட்டது சிறியவாயனுக்கு. பெரியவாயனுக்கு மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போகும்; சிறியவாயனுக்குக் கண்ணளவில் நின்றுவிடும். முன்னது பாசியும் அல்லியும் படர்ந்த வெதுவெதுப்பான தேக்கத்தை நாடும். பின்னது கல்லும் தெளிந்த குளிர் நீரும் உள்ள இடத்தை விரும்பும். தூண்டில்காரர்களுக்கு இவற்றின்மேல் உள்ள மோகம் கொஞ்சநஞ்சமல்ல. பனி உருகினால் எங்கே இருக்கும், கோடையில் எந்த வேளையில் மேலே வரும், இலையுதிர் காலத்தில் எப்படிக் கொழுக்கும், குளிர்காலத்தில் எவ்வளவு ஆழத்தில் சோம்பிக் கிடக்கும் என்று பருவம் பருவமாகப் படிக்கிறார்கள்.

இந்த மீனுக்கும் நம் விராலுக்கும் இரத்த உறவு இல்லை. சுபாவ உறவு நிரம்ப உண்டு. இரண்டும் புதரில் மறைந்திருந்து பாய்ந்து கவ்வும் வேட்டைக்காரர்கள். அதைவிட முக்கியம், இரண்டும் பிள்ளையைக் காக்கும் ஜாதி. வசந்த காலத்தில் தண்ணீர் சுமார் 15 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வெதும்பியதும், ஆண் பாஸ் அடித்தரையை வாலால் துடைத்துக் குழி செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பிறகு காவல் முழுவதும் தகப்பனுடையது. அந்தத் தகப்பனைத் தூண்டிலில் இழுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, சில நிமிஷங்களில் திரும்ப விட்டாலும் போதும். அதற்குள் சிறு மீன்கள் கூடி முட்டைகளைத் தின்றுவிடும். ஆகையால் அங்கே குளிர் மிகுந்த வட பிரதேசங்கள் சிலவற்றில், காவல் பருவம் கழியும்வரை பாஸ் பிடிப்பதைச் சட்டத்தினால் நிறுத்தி வைப்பதுண்டு. நம்மவர்களுக்கு இந்தச் செய்தி பயன்படும்.

இனி விராலின் வருஷம். அது சித்திரையில் தொடங்குவதில்லை, ஐப்பசியில் தொடங்குகிறது. நம் ஜில்லாவில் பெரும்பாலான கண்மாய்களுக்கு ஜீவநதிப் பாசனம் கிடையாது. மணிமுத்தாறும் விருசுழியாறும் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். வடகிழக்குப் பருவமழை கொட்டி, வரத்துக் கால்களில் செந்நீர் புரண்டு வரும்போது, மீன்களுக்குப் பித்துப் பிடித்தாற் போலாகிவிடும். நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். கலுங்கில் வழியும் நீரிலும், வயல் மடைகளிலும், சில சமயம் ஈரமான வண்டிப் பாதையிலும் அவற்றைக் காணலாம். பனையேறிக் கெண்டை என்று ஒன்று உண்டே, அதைப் பனைமரத்தில் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797-இல் லண்டனில் அச்சாயிற்று. உலகம் அதை நம்புவதா வேண்டாமா என்று வெகுகாலம் விவாதித்தது. மரம் ஏறியதோ இல்லையோ, மழை இரவில் தரையில் நகர்ந்து போவது உண்மை. விராலும் அப்படியே. செவுளுக்கு மேலே தலைக்குள் அதற்குக் காற்றறை இருக்கிறது. மேலே வந்து காற்றுக் குடிக்காவிட்டால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனுக்கு நேரும் விதியிலே இது விசித்திரமானதுதான்.

புதுத் தண்ணீர் ஏறியதும் விரால் ஜோடி கரையோரத்துக் கோரைக்குள் ஒதுங்கும். புல்லையும் பாசியையும் ஒதுக்கி ஒரு சிறு வட்டம் செய்யும். பொன்னிற முட்டைகள் அதில் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரித்துவிடும். பிறகு சில நாட்களில் தண்ணீரில் ஒரு செந்நிறப் படலம் நகர்வதைக் காணலாம். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல் இருக்கும். அதுதான் விரால் பார்ப்பு. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாகவே மேலே வரும். ஒன்றாகவே கீழே போகும். அவற்றுக்கு நேர் கீழே தகப்பன் நிற்கும். பல சமயங்களில் தாயும் நிற்கும். ஏறக்குறைய ஒரு மாதம் இந்தக் காவல். அந்நாட்களில் தவளை வந்தாலும் தண்ணீர்ப் பாம்பு வந்தாலும் பாயும். மனிதன் கால் வைத்தாலும் கடிக்கத் தயங்காது.

இந்த வீரமே அதற்கு எமனாகிறது. செந்நிறக் கூட்டத்தின் நடுவில் தூண்டிலைப் போட்டால் போதும். பசிக்காக அல்ல, கோபத்தினால் விரால் அதைக் கவ்வும். பத்து வயதுப் பையனும் இவ்விதம் பெரிய விராலைப் பிடித்துவிடலாம். பிடித்து, மார்போடு அணைத்து வீட்டுக்கு ஓடுவான், பார்த்தவர்கள் மெச்சுவார்கள். மாலைக்குள் பார்ப்பு முழுவதும் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். ஒரு குழம்புக்காக ஒரு குடும்பமே போயிற்று. இதைத் தூண்டில் வித்தை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

வித்தை வேண்டுமானால் தை மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் தண்ணீர் குளிர்ந்து விரால் மந்தமாகிக் கிடக்கும். தையில் வெயில் தெளிந்து, மடை திறந்து நீர் குறையக் குறைய, அல்லி இலைகளின் ஓரத்தில் நடமாட்டம் தெரியும். மூச்சுக்கு மேலே வரும்போது தண்ணீரில் ஒரு சுழிப்பு விழும். பக்குவப்பட்டவன் அதை வைத்தே மீனின் அளவைச் சொல்லிவிடுவான். சிறு தவளையை முள்ளில் கோத்து, இலைமேல் தத்தித் தத்திப் போகும்படி இழுக்க வேண்டும். இலைக்கடியிலிருந்து விரால் எழும்பிக் கவ்வும் சத்தம் கேட்டதும் உடனே வெட்டி இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். சற்றே தளரவிட்டு, மீன் திரும்பும் வேளையில் இழுக்க வேண்டும். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், குளத்துத் தூண்டிலைப் பற்றி மட்டுமே 1887-இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். நம் குளங்களைப் பற்றி நாம் எழுதியது எத்தனை என்று எண்ணிப் பார்க்கையில் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

பங்குனி, சித்திரையில் கண்மாய் அழியும். அழிந்த பிறகும் ஆழமான பள்ளங்களில் கொஞ்சம் நீர் தங்கும். அதில் தப்பிய விரால்கள்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. அதுவும் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, காற்றுக் குடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடியானவன் இந்த விதையையும் முன்பு தொடாமல் இருந்தான். கையும் கூடையும் கொண்டு அந்தப் பள்ளத்தை வடிக்க அவனால் முடியாது என்பதும் ஒரு காரணம். இப்போது எஞ்சின் வைத்து இரண்டு நாளில் உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அவர் போட்ட முதலைக் குறித்த காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதில் நாம் குறை காண்பதற்கில்லை. ஊருக்கும் அந்தப் பணம் வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய கணக்கில் விரால் ஒரு திருடன். விலை கொடுத்து வாங்கிய குஞ்சுகளைத் தின்னும் பகைவன். வளர்ப்புக் குளங்களில் கெண்டைக் குஞ்சு விடுமுன் இலுப்பைப் புண்ணாக்குப் போட்டு விரால் முதலியவற்றை ஒழிப்பது வழக்கம். தனிக் குளத்தில் அது தொழில் முறையாக இருக்கட்டும். ஆடுமாடு குடிக்கும் ஊர்க் கண்மாயில் அந்தப் புத்தி வரலாகாது. மீனைக் கொல்ல நீரில் நஞ்சு கலப்பதும் வெடி வைப்பதும் 1897-ஆம் வருஷத்து மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய ஜிலேபிக் கெண்டை, நம் கண்மாய்களில் காடாய் மண்டிவிட்டது. அதன் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். ஆகையால் அதற்கு நாசமே இல்லை. பெருகிப் பெருகி, உடல் சிறுத்து, விலையற்றுப் போகிறது. அதன் குஞ்சுகளைத் தின்று கட்டுக்குள் வைக்க வல்ல சுதேசி மீன் விரால்தான். காவலாளியைத் துரத்திவிட்டு வீட்டில் களவு போகிறதென்று கூக்குரலிடுகிறோம். ஜப்பானியர் இதே பாடத்தை வேறு விதமாகப் படித்தார்கள். 1925-இல் அமெரிக்கப் பெரியவாய் பாஸை ஆசையோடு கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது பின்னர் நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-இல் சட்டம் போட்டு அதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

ஊர்க் கட்டுப்பாட்டுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 1977-இல் சரணாலயம் ஆன இடம் அது. அவை மிரளக் கூடாதென்று தீபாவளியிலும் அவ்வூரார் பட்டாசு வெடிப்பதில்லை. கொக்குக்கும் நாரைக்கும் காட்டுகிற தாட்சிணியத்தில் பாதியை மீனுக்குக் காட்டினால் போதும். ஏலப் பத்திரத்தில் இரண்டே வரி சேர்க்கலாம்: ஐப்பசி முதல் பார்ப்பு கலையும்வரை விராலைத் தொடுவதில்லை என்று ஒன்று, மடைப்பள்ளத்து நீரை எஞ்சின் வைத்து வடிப்பதில்லை என்று மற்றொன்று. இதனால் ஏலத்தொகை குறையும் என்று நாம் நினைக்கவில்லை. ஏனெனில் சந்தையில் விராலுக்குக் கெண்டையைவிட மிகுந்த விலை. நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு விரால் ரசம் வைத்துக் கொடுக்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. மலேயாவில் கொண்டுவிற்கச் சென்ற நம்மவர்கள் அங்கும் இதே மீனைக் கண்டிருப்பார்கள். மலாய்க்காரர் இதை ஹாருவான் என்பர், பிள்ளை பெற்றவளுக்கும் புண் ஆற வேண்டியவர்களுக்கும் சமைத்துக் கொடுப்பர்.

பார்ப்பு கலைந்துவிட்டதா என்று அறிவது சுலபம். விரலளவு வளர்ந்ததும் செந்நிறம் மங்கிக் கருத்து, உடலில் வரி தெரியும். கூட்டம் நாளுக்கு நாள் சிறுத்து, குஞ்சுகள் தனித்தனியே கோரைக்குள் பிரிந்து போகும். அதற்குப் பிறகு தகப்பனும் காவலை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். அன்று முதல் யார் வேண்டுமானாலும் தவளையைக் கோத்துக்கொண்டு கரைக்கு வரலாம்.