வேப்பமுத்து பொறுக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே விலை கொடுங்கள்!

ஆனி பிறந்துவிட்டால் வரப்போர வேப்ப மரங்களின் அடியில் மஞ்சள் பழங்கள் கொட்டத் தொடங்கும். ஆடி முடியும்வரை நீடிக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு பல கிராமத்துப் பிள்ளைகளின் திருவிழாச் செலவு இதிலிருந்துதான் வந்தது. பொறுக்கிய முத்தை ஊர் மளிகைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, நேராக ராட்டினத்துக்கு ஓடுவார்கள்.

இன்றும் பொறுக்குகிற பிள்ளைகள் உண்டு. ஆனால், இயற்கை விவசாயம் செய்யும் வீடுகளில் அந்த முத்து கடைக்குப் போவதில்லை. பூச்சிவிரட்டிக்கு வேண்டுமென்று அப்பாவே எடுத்து இடித்துவிடுகிறார். 'நம்ம வயலுக்குத்தானே' என்கிறார் அவர். 'அப்ப என் காசு?' என்கிறது பிள்ளை.

பிள்ளை கேட்பது நியாயம்தான். 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிக்க, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பவருக்கு ஒரு தடவைக்கே 10 கிலோ. ஓடு நீக்காத முத்தாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை வெளியில் வாங்கினால் காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்த விலையை வீட்டிலேயே கொடுத்தால் வண்டிச் செலவு மிச்சம். மரம் அப்பாவுடையது என்று தோன்றினால், ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுவதுபோல் பாதிப் பங்கு பேசிக்கொள்ளலாம். எதுவானாலும் பொறுக்கத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். பங்கைக் கடைசியில் பேசினால் சண்டைதான். அது அப்பா, பிள்ளைக்கும் பொருந்தும்.

பச்சைப் பருப்புக்குத்தான் மதிப்பு

விலை கொடுப்பவர் தரம் கேட்கலாம். ஈர மண்ணில் நாள் கணக்கில் கிடந்த முத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால், மரத்தடியைக் கூட்டிவிட்டு, பழைய சேலை அல்லது சாக்கை விரித்து வைத்து, தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன்பு ஒரு தடவை பொறுக்குவது நல்லது. பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தால் சதை கழன்றுவிடும். மிதக்கும் சொத்தை முத்துகளை நீக்கிவிட்டு, நன்றாக அலசி, நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். சுள்ளென்ற வெயிலில் கிடந்தால் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் சத்து குறையும். காய்ந்த முத்தைச் சணல் சாக்கில் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிக் கெட்டுவிடும். நான்கு முத்தை உடைத்துப் பார்த்தால் போதும். உள்ளே பருப்பு பச்சையாக இருந்தால் நல்ல சரக்கு; கறுத்திருந்தால் கழிவு.

கரைசலுக்குப் புதிய முத்து ஏற்றதல்ல. குறைந்தது 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 8 முதல் 10 மாதங்களைத் தாண்டிவிட்டால் வீரியம் குறைந்துவிடும். ஆடியில் கட்டிவைத்த மூட்டை ஐப்பசி, கார்த்திகையில் சம்பா பயிருக்குச் சரியாக உதவும். சீசனில் கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தள்ளிவிடாமல் பிள்ளை காத்திருப்பதற்கு இது ஒரு காரணம். நாற்றுக்கு விதைப்பதென்றால் இதற்கு நேர்மாறு. முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே போய்விடும் என்பதால், உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். அந்தக் கன்றுகளையும் விற்கலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலைகளில் குடும்பத்துக்கு உதவலாம் என்றுதான் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அனுமதிக்கிறது. வெளி வியாபாரி வந்து, 'பிள்ளைகளை அனுப்புங்கள், கூலி தருகிறேன்' என்றால் அனுப்பக் கூடாது. மரம் ஏறி உலுக்குவதும் வேண்டாம். தானாக விழுவதே போதும். சருகுக்கடியில் தேள், பாம்பு இருக்கலாம் என்பதால் காலில் செருப்பும், கையில் கிளற ஒரு குச்சியும் அவசியம். கரைசல் தெளிப்பது பெரியவர்கள் வேலை. கைக்குழந்தை உள்ள வீட்டில் முத்தை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். புறம்போக்கு மரமென்றால், ஊராட்சியில் மகசூலை ஏலம் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பொறுக்குவது நல்லது.

வேப்ப மரம் இல்லாத வீட்டில் ஒரு பாத்தி சிறுகீரையோ, அடைக்கு உட்கார்ந்த ஒரு கோழியோ பிள்ளையின் பெயரில் ஒதுக்கலாம். கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். முட்டை 21 நாளில் பொரியும். ஆனால், விருந்தாளி வந்தார் என்று அந்தக் கோழியை அடித்தால், அதற்கும் விலை கொடுத்தாக வேண்டும்.

வந்த காசை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் போட்டால், அவசரத்துக்கு எடுத்தது திரும்பி வராது. 10 வயது நிறைந்த பிள்ளை, அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். தொடங்குவதற்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் வேண்டும். அதற்கு எத்தனை கிலோ முத்து தேவை என்பதை, அந்த வாரக் கடை விலையைக் கேட்டுவந்து பிள்ளையே கணக்குப் போடட்டும்.