விழுந்த கற்களும் ஆப் ஒன்பதும்

உங்கள் முன் குவிந்து கிடப்பவை எருசலேம் கோயில் மலையின் மேற்கு மதிலிலிருந்து விழுந்த கற்கள். கி.பி. 70இல் நகரையும் அங்கிருந்த இரண்டாம் கோயிலையும் அழித்த ரோமப் படை மேலிருந்து தள்ளியவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சற்றுக் குனிந்து பாருங்கள்: அடியில் தெருவின் தளக்கற்கள் உடைந்து அமுங்கியிருக்கின்றன.

அந்த அழிவுக்கு யூதர்கள் இன்றும் துக்கம் காக்கிறார்கள்.

எபிரேய நாட்காட்டியில் ஆப் மாதம் ஒன்பதாம் நாள், ‘திஷா பெஆவ்’. கி.மு. 586இல் பாபிலோனியர் அழித்த முதல் கோயிலுக்கும் துக்கநாள் இதுவே. சூரியன் மறைந்தது முதல் மறுநாள் இருட்டும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. குளியல் இல்லை, தோல் செருப்பு இல்லை. நோன்புக்கு முந்தைய கடைசி உணவில் அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டுத் தின்பது பலரது வழக்கம். பிறகு சாவு வீட்டில் உட்கார்வதுபோலத் தரையில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில் புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். யூதர்களின் திருநூலான தோராவின் வழக்கமான படிப்புக்கும் அன்று தடை. அது மகிழ்ச்சி தரும் காரியமாயிற்றே!

இந்த நாள் சனிக்கிழமை ஓய்வுநாளில் வந்தால் நோன்பு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஓய்வுநாளில் வந்தாலும் தள்ளிப்போகாத நோன்பு பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் மட்டுமே.